இடப்பக்கத்துச் சக்கரம்

1954ஆம் வருஷம் மாயக்காளின் புருஷன் மொக்கையன், பட்டாளம் கழித்துப்போட்ட ஜீப்பு ஒன்றை வாங்கிவந்து ராசிங்காபுரத்துக் களத்தில் நிறுத்தினான். அன்றிலிருந்து அதற்கு ராஜ உபசாரம். வெயிலுக்கு ஓலைப்பந்தல், மழைக்குச் சாக்குப் படுதா. மாயக்காள் அதைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். முன்சீட்டில் ஏறிப் போக அவளுக்கும் கொள்ளை ஆசை.

ஐப்பசியில் மலையிலிருந்து சேதி வந்தது. ஏலத்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் தங்கை சந்திரவல்லிக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பெண்குழந்தை. வெள்ளிக்கிழமை தொட்டிலில் போடுகிறார்களாம். மாயக்காளுக்குத் தரையில் கால் பாவவில்லை. தொட்டில் கயிறு தன் கைமுறுக்காகத்தான் இருக்கவேண்டும் என்று அன்றைக்கே நாரும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள்.

ஜீப்புதான் மலையேறும் நிலையில் இல்லை. பின்பக்க பிரேக்கு பிடிக்கவில்லை. மொக்கையன் தானே வலப்பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றிப் புது பிரேக்குக் கட்டை போட்டு, ஒரு பொழுதுக்குள் மாட்டியும்விட்டான். இடப்பக்கத்துக்கு வந்தான். ஐந்து நட்டில் ஒன்றுகூட அசையவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றினான். சுத்தியலால் தட்டினான். ஸ்பேனர் மேல் ஏறி நின்றான். இரண்டு நாள் போனது.

"போடிக்குப் போயி வண்டி ரிப்பேரு பாக்குற பிட்டரைக் கூட்டியாங்களேன்" என்றாள் மாயக்காள்.

"எனக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியும்? நீ கயித்தைப் பாரு."

புதன்கிழமை அவளுடைய தம்பி காசிமாயன் வந்தான். மூட்டை தூக்கியே உரமேறிய உடம்பு.

"தள்ளுங்க மச்சான், இதெல்லாம் ஒரு சோலியா?" என்றவன், ஸ்பேனர் பிடியில் இரும்புக்குழாயைச் செருகித் தொங்கினான். படீரென்று ஒரு சத்தம். காசிமாயன் வைக்கோற்போருக்குள் தலைகுப்புற விழுந்து கிடந்தான்.

"ஆத்தாடி!" என்று மாயக்காள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. போல்ட்டுதான் முறிந்திருந்தது. நட்டும் அதனுள் மாட்டிய போல்ட்டுத் துண்டும் அவள் காலடியில் கிடந்தன. எடுத்து முந்தானையால் துடைத்தாள். துண்டின் திருகுமரையை விரலால் தடவியவள் வலப்பக்கத்துச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பக்கத்துச் சக்கரத்துல ஒரு நட்டைக் கழத்துங்க."

"அது நல்லாத்தானடி இருக்கு?"

"கழத்துங்கன்னா!"

மொக்கையன் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். வெளியே தெரிந்த போல்ட்டின் பக்கத்தில் அவள் முறிந்த துண்டைப் பிடித்தாள். "பாருங்க. இது மரை இப்பிடிச் சரியுது, அது அப்பிடிச் சரியுது. கயித்துல வலமுறுக்கு, இடமுறுக்கு இல்ல? அது மாதிரி. இடப்பக்கத்தை எதுத்தாப்பல திருகணும்."

மொக்கையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நா ரெண்டு நாளா..."

"இறுக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க."

வைக்கோலைத் தட்டியபடி எழுந்த காசிமாயனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாயக்காள் குழாயை வாங்கி, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து அழுத்தினாள். முதலில் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். கிரீச்சென்று முனகிக்கொண்டு நட்டு இளகியது. உள்ளங்கை காந்தியது, ஆனாலும் மற்ற மூன்றையும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மொக்கையன் இடப்பக்கமும் பிரேக்குக் கட்டை போட்டுவிட்டான். மறுநாள் போடியில் பிட்டர் பால்சாமி புது போல்ட்டு போட்டுக் கொடுத்தார். "இந்த வண்டிக்கு இடப்பக்கம் பூராம் இப்பிடித்தான். ஓடுற ஓட்டத்துல கழண்டுறக் கூடாதுன்னு வச்சிருக்கான். உங்களுக்கு யாரு சொன்னது?"

"எம் பொஞ்சாதி" என்றான் மொக்கையன், நெஞ்சை நிமிர்த்தி.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பு மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி வளைவு வளைவாக ஏறியது. மாயக்காள் முன்சீட்டில், மடியில் கயிற்றோடு. தோட்டத்து வீட்டில் கால் வைத்ததும் மொக்கையன், தான் இரண்டு நாளாக நட்டை இறுக்கிய கதையை ஒன்றுவிடாமல் நடித்தே காட்டினான். காசிமாயன் விழுந்ததைச் சொல்கையில் வீடே சிரித்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. மாயக்காள் அவளை அள்ளியெடுத்துக்கொண்டு, ஏலச்செடிகளுக்கு நடுவே பனி விலகிக்கொண்டிருந்த வெளிச்சத்துக்கு வந்தாள்.