முன்னால் ஒரு செலாடாங்

கோலா குபு பாருவைத் தாண்டி மலைப்பக்கம் ஏறும் சாலையில் நாங்கள் மூவரும் நடந்துகொண்டிருந்தோம். அப்பா தலையில் துணிமூட்டை, அம்மா கையில் சட்டிபானை, என் தோளில் சுருட்டிய பாய். ஈஜோக் பக்கம் நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை, வீடு கட்டுவதற்காக முதலாளிகள் விற்றுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்துவிட்டு மாமா சொன்ன தோட்டத்துக்கு வந்தால், ஆள் எடுத்து முடிந்தது என்று அங்கே கணக்கெழுதும் கிராணி கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். முதல் நடை அதுதான். எட்டு வயதில் அது எனக்கு உலாப் போவது போலத்தான் இருந்தது.

எதிரே வந்த மலாய்க்காரர் ஒருவர், மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலேயே பின்பக்கம் கைகாட்டிக் கத்தினார்.

"டெப்பான் அடா செலாடாங்! பெசார்!"

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மலாயில் லாடாங் என்றால் தோட்டம். 'செ' என்று முன்னால் ஒட்டினால் 'ஒரு' என்று பொருள்.

"கேட்டியா? முன்னால ஒரு தோட்டம் இருக்காம். பெருசாம்லா!"

"அதை ஏன் அந்த மனுசன் இப்படிக் கத்திச் சொல்றாரு?" என்றாள் அம்மா.

"மோட்டார் சத்தத்துல நமக்குக் கேக்க வேணாமா? நல்ல மனுசன்."

நடையை எட்டிப் போட்டோம். பொழுது சாய்வதற்குள் ஒரு கூரை கிடைத்துவிடும். லயத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து வீடாகக் கேட்க வேண்டும் என்று அம்மா முடிவே செய்துவிட்டாள்.

வளைவில் திரும்பினோம். சாலை நடுவே அது நின்றது. கன்னங்கரேலென்று, அப்பாவைவிட உயரமாக, முதுகில் ஒரு மேட்டோடு. நான்கு கால்களிலும் முட்டிவரை வெள்ளை.

"அப்பா, அந்த மாடு சாக்ஸ் போட்டிருக்கு," என்றேன்.

அப்பா அசையவில்லை. கடலோரத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். செலாடாங் என்றால் காட்டெருமை என்பதை அதை நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அம்மா உதடு அசையாமல் சொன்னாள்: "போங்க, போய் வேலை கேளுங்க."

அது எங்களை வெகுநேரம் பார்த்தது. பிறகு சாலையோரமாக எண்ணெய்க்காக நட்டிருந்த செம்பனைக் கன்றுகளுக்குள் இறங்கி, இரண்டு குருத்துகளைக் கடித்து இழுத்துவிட்டு, நிதானமாகக் காட்டுக்குள் ஏறிப் போனது.

நாங்கள் திரும்பி வராததைக் கண்டு பயந்து, அந்த மலாய்க்காரர் மறுபடி வந்தார். அப்பா நடந்ததைச் சொன்னதும், வண்டியை விட்டு இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் செம்பனைக் கன்றுகள் அவருடையவைதாம். காவலுக்கு வைத்த இரண்டு ஆள்களும் ஓடிவிட்டார்களாம். உனக்குத் தைரியம் உண்டா என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்க்காமலேயே உண்டு என்றார். அன்று இரவு அவருடைய பலகைக் குடிசையில் படுத்தோம்.

மறுநாள் விடியும்போதே அப்பா வேலையில் சேர்ந்தார். செலாடாங் இறங்காதபடி, காலி பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டு காட்டோரமாகவே நடக்க வேண்டும். உலகத்திலேயே நல்ல வேலை அதுதான் என்று நினைத்தேன். அம்மா வாசலில் அடுப்பு மூட்டிக் கஞ்சி கிண்டினாள். டின் சத்தம் கேட்கும்போது அகப்பை சுழலும். சத்தம் நின்றால் அகப்பையும் நின்றுவிடும்.

"அம்மா, அடிப்பிடிக்குது," என்று நான்தான் அவளுக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தேன்.