நடுக்கத்தோடு வெள்ளிமலை பஸ் ஏறியது

எனக்கு நடுக்குவாதம் என்று நரம்பு டாக்டர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "மலைக்குப் போலாமா சார்?" என்பதுதான். அவர் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்துக்கொண்டு, "டூர் போறீங்களா?" என்றார்.

"இல்ல சார். நம்ம கல்வராயன் மலைதான். வெள்ளிமலைக்கு வாரம் ஒருதரம் போவேன். சரக்கு எடுக்க."

"போறது பெரிசில்ல பாய். வுழாம திரும்பி வரணும். அதான் பெரிசு" என்றார். பார்க்கின்சன் என்று சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். இது குணமாகிற நோய் இல்லை, மெல்ல மெல்ல ஏறும், நாம் எவ்வளவு தாமதப்படுத்துகிறோமோ அவ்வளவு நமக்கு மிச்சம் என்று மறைக்காமல் சொன்னார்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு மலைச்சரக்குக் கடை. புளி, கடுக்காய், தேன், சாமை அரிசி. முப்பது வருஷமாக வெள்ளிமலைக்கு அந்தண்டை ஒரு ஊரில் இருக்கும் ஒரே ஆளிடம்தான் எடுக்கிறேன். அவர் என்னைப் பாய் என்பார், நான் அவரைக் கூட்டாளி என்பேன். சரக்குக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாலும், சொல்லப்போனால் பேச்சுக்காகத்தான் போவேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். எனக்குத் தெரிந்த நாலு விஷயமும் கடையில் வந்து நின்றவர்களும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் சொல்லிக் கொடுத்தவை.

டாக்டர் சொன்ன அன்றைக்கே என் மனைவி மலையை நிறுத்திவிட்டாள். "முடவன் கொம்புத் தேனுக்கு ஆசப்பட்ட கதையால்ல இருக்குது" என்றாள். எனக்கானால் தேன் நிஜமாகவே மலையில்தான் இருந்தது.

அதன் பிறகு இரண்டு வருஷம் கூட்டாளிதான் சரக்கைக் கீழே கொண்டுவந்தார். அவர் வரும்போது நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆடும் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வேன். "ஏன் பாய் மேல வர்றதில்ல?" என்று கேட்டால், "முட்டி வலி" என்பேன். அவரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

இதற்கு நடுவில்தான் பிசியோ பெண் ஒருத்தி கிடைத்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாளே, "நடக்கும்போது கைய நல்லா வீசுங்கப்பா" என்றாள். கூட வந்திருந்த என் மனைவி, "இத்தினி வருஷமா வூட்டுக்குக் கைய வீசிக்கினுதாம்மா வர்றாரு, இவுருக்கு அதக் கத்துத் தரணுமா?" என்றாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

இந்த நோயில் கால் சின்னச் சின்னதாக எடுத்து வைக்கும். நமக்குத் தெரியாது, பெரிய அடி வைத்துத்தான் நடக்கிறோம் என்று தோன்றும். அதனால் வேண்டுமென்றே அகல வைக்க வேண்டும், குதிகால் முதலில் பட வேண்டும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலக் கூடாது, மாட்டு வண்டி திரும்புகிற மாதிரி வளைந்து திரும்ப வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்கார வேண்டும், நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும். இதையெல்லாம் மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் செய்ய வேண்டும், வெறும் வீம்புக்குச் செய்யக் கூடாது. பள்ளிவாசலில் நான் சுவரோரத்துக்கு இடம் மாறினேன். கீழே உட்கார்ந்து எழுவதே பயிற்சிதான், பிடிக்க ஒரு சுவர் இருந்தால் போதும் என்று அவள்தான் சொன்னாள்.

சில சமயம் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வாசற்படி, குறுகலான இடம், அவசரம், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வந்தால் போதும். "அப்ப யாரும் இழுக்கக் கூடாதுப்பா. நீங்களும் போராடாதீங்க. நில்லுங்க, மூச்சு வுடுங்க, ஒடம்ப இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசா ஆட்டுங்க, எண்ணிக்கினே ஒரு பெரிய அடி வையுங்க" என்றாள்.

நான் எண்ண ஆரம்பித்தேன். "லாபம், ரெண்டு, மூணு..."

"அது இன்னாப்பா லாபம்?"

தானியத்தைப் படியில் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவோம் என்றேன். முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்கிறது. "சொல்லுங்கப்பா, அப்படியே சொல்லுங்க. கால் நவுந்தா சரி" என்றாள்.

நாலு மாதம் போனது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்த் திரும்பினேன், தடுமாறவில்லை. பிசியோ பெண், "இப்ப ஒரு தரம் போய்ட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டாள். என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "தனியாத்தான் போவேன்னு அடம் புடிக்கிறீங்க, போங்க. ஆனா ஒரு தரம் வுழுந்தீங்கன்னா மலை அதோட சரி. பொய் சொல்லக் கூடாது."

"சரி" என்றேன். அவள் தன் கையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

போகிற அன்றைக்கு மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்தேன். தோள்பையில் வைத்து அதை பஸ்ஸின் மேல்தட்டில் தூக்கிப் போட்டால் தேவைப்படும்போது எடுக்க முடியாது. ஒரு வேளைக்கு அதிகமாகவே வைத்துக்கொண்டேன். என்ன நோய், எந்த மாத்திரை எந்த நேரம், வீட்டு நம்பர் எல்லாம் தமிழில் எழுதிய சீட்டும் அதே பையில். தோளில் மாட்டுகிற பை ஒன்றுதான், இரண்டு கையும் சும்மா இருந்தது. கூட்டம் குறைந்த பஸ்ஸாகப் பார்த்து, புறப்படுவதற்கு அரை மணி முன்னாலேயே ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி வளைந்து வளைந்து ஏற ஆரம்பித்ததும் காது அடைத்தது. ஜன்னலில் குளிர்ந்த காற்று. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் காற்று முகத்தில் பட்டபோது, பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தேன் என்றால் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டாளி வீட்டுக்கு நான் போனால் ஒரு வழக்கம் உண்டு. அவர் மனைவி ஒரு கோழியைப் பிடித்து, கத்தியையும் கழுவி என் கையில் கொடுப்பார். நான் ஓதி அறுத்துக் கொடுத்தால்தான் சமையல். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர்களாக அறுத்துவிட்டு என்னைச் சாப்பிடச் சொன்னதில்லை. அன்றைக்கும் கோழி வந்தது, கத்தி வந்தது.

கத்தி கையில் ஏறியதும் கை ஆடியது. கோழியைப் பிடித்திருந்த அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னா பாய், கை இந்த ஆட்டம் ஆடுது?"

"குளுரு" என்றேன்.

"குளுரா? வெயிலு மண்டையப் பொளக்குது!"

அறுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் கத்தி ஒரே வீச்சில் போக வேண்டும், தயங்கக் கூடாது. உயிரை எடுக்கும்போது அதற்கு வலி கம்மியாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. என் வெட்கத்தை மறைக்க அந்தக் கோழியை வதைக்க எனக்கு மனம் வரவில்லை. கத்தியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னால முடியாதும்மா. எனக்கு நரம்பு வியாதி. ரெண்டு வருஷம் ஆவுது" என்றேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டாளி கோபமாகத்தான் ஆரம்பித்தார். "அப்ப முட்டி வலின்னது?"

"பொய்."

"ஏன் பாய், கடைசித் தரம் நீங்க எடுத்துக்கினு போன புளியில கொட்டை ஜாஸ்தி இருந்துச்சு. அதுக்குத்தான் கோவிச்சினு மேல வராம இருக்கீங்கன்னு நாங்க ரெண்டு பேரும் ரெண்டு வருஷமா பேசிக்கினு இருக்கோம்! அதுக்கப்புறம் ஒரு கொட்ட வுடாம ஒடைக்கிறா இவ. வெரலெல்லாம் போச்சு!"

"எம் வெரலப் பாருங்க" என்று அந்த அம்மா கையை நீட்டினார். என் கையும் ஆடிக்கொண்டு பக்கத்தில் நீண்டது. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிடி விட்டதும் கோழி வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டது.

சாமைச் சோறும் கீரைக் கடைசலும் ஆக்கினார்கள். இறைச்சியோடு சேர்த்துப் போட்டால் இந்த மாத்திரை சரியாகப் பிடிக்காது, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும் என்று நான் சொல்ல, "அப்ப கோழி தப்பிச்சது ஒங்களுக்கும் நல்லதுதான்" என்றார் கூட்டாளி. கால் ஒட்டிக்கொள்வதைப் பற்றிக் கேட்டார். இழுக்கக் கூடாது, லாபம் என்று தொடங்கி எண்ண வேண்டும் என்பதையெல்லாம் சொன்னேன். இரண்டு வருஷத்துப் பேச்சு சேர்ந்திருந்தது. பேசினோம், பேசினோம், நேரம் போனதே தெரியவில்லை.

அதுதான் நான் செய்த தப்பு. இரண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டியவன் நாலு மணி பஸ்ஸுக்குத்தான் போனேன், கூட்டாளியும் வழியனுப்பக் கூட வந்தார். சந்தை முடிந்த கூட்டம் அதில் நின்றது. மூட்டை, கூடை, பிள்ளைகள். அடுத்த மாத்திரைக்கும் நேரம் நெருங்கியிருந்தது, அதைக் கவனிக்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே கத்தினார். "ஏர்றவங்க ஏறு, எறங்குறவங்க எறங்கு! நடுவுல நிக்கிறவங்க எந்த ஊருக்குப் போறீங்க?"

நடுவில் நின்றவன் நான்தான். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். தரையில் இருந்த கால் வரவில்லை.

அந்தக் கண்டக்டர் நல்ல மனுஷன். "பாய், குடுங்க கைய" என்று பிடித்து இழுத்தார். பின்னாலிருந்து ஒருவர் இடுப்பில் கை கொடுத்துத் தள்ளினார். எங்கள் பக்கத்தில் ஒருவர் தடுமாறினால் நாலு கை வந்துவிடும், யாரும் யோசிக்க மாட்டார்கள். உடம்பு மேலே போனது, கால் போகவில்லை. முட்டி படியில் இடித்து, அப்படியே சரிந்து தரையில் மண்டியிட்டேன்.

"வுடுங்க! யாரும் இழுக்காதீங்க!" என்று கூட்டாளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். எனக்கு முன்னால் குந்தினார். அவசரமே இல்லாதவர் மாதிரி, "மாத்தர எங்க பாய்? சட்டப் பையா?" என்றார். போட்டேன். தண்ணீர் கொடுத்தார். மெல்ல எழுந்து கம்பியைப் பிடித்து நின்றேன். "இப்ப அளக்கலாமா?" என்றார்.

"லாபம்" என்றார். கால் எழும்பியது. "ரெண்டு" என்றபோது படியில் இருந்தேன். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் "மூணு" என்று சேர்ந்துகொண்டார். வண்டியில் இருந்தவர்கள் முன் சீட்டைக் காலி செய்து வைத்திருந்தார்கள். கண்டக்டர் மலை இறங்கும் வரை மூன்று தடவை வந்து, "தெரியாம இழுத்துட்டேன் பாய்" என்றார். "தெரியாதவங்க மேல தப்பில்லப்பா, சொல்லாதவன் மேலதான்" என்றேன். ஏறுவதற்கு முன்னாலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நோய் முகத்தில் எழுதி ஒட்டியிருக்குமா?

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கைலியில் மண் இருந்தது.

"வுழுந்தீங்களா?"

முட்டி படியில் இடித்தது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பொய்யின் விலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். "வுழுந்தேன்" என்றேன். முழுசாகச் சொன்னேன். கோழி, புளியங்கொட்டை, நாலு மணி பஸ், எல்லாம்.

அவள் முட்டியைக் கழுவி மஞ்சள் பற்றுப் போட்டாள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இரண்டு நாள் மலைப் பேச்சையே நான் எடுக்கவில்லை. சொன்ன சொல் சொல்தானே. கூட்டாளிக்குப் போன் பண்ணி இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லக்கூட மனதைத் தயார் செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சாப்பாடு வைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தம்மா வெரலு அவ்வளோ மோசமாவா போச்சு?"

"ஆமா."

"நம்ம வூட்டுக்கு வந்த புளியிலதான?"

"ஆமா."

"தனியா போறது முடிஞ்சி போச்சு. அதுல மாத்தம் இல்ல. சந்தை இல்லாத நாளாப் பாத்து மாசத்துக்கு ஒரு தரம் போலாம். நானும் வர்றேன். ரெண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும்" என்றாள்.

முப்பது வருஷமாக நான் போன மலையை அவள் பார்த்ததே இல்லை. கடையை ஒரு நாள் பூட்டினோம். மாத்திரை டப்பா அவள் கையில், சீட்டு அவள் பர்ஸில். ஏறும்போதே கண்டக்டரிடம், "இவுருக்கு நரம்பு வியாதி. கைய புடிச்சி இழுக்காதீங்க, அவுரே ஏறுவாரு, கொஞ்சம் நேரம் குடுங்க" என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஏறினேன், யாரும் இழுக்கவில்லை.

மூன்றாவது வளைவில் அவள் பேச்சு நின்றது. ஐந்தாவதில் என் தோளில் சாய்ந்தாள். "இன்னும் எத்தினி இருக்கு?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"பாதிகூட ஆவல."

அவள் வாந்திக்கென்று பிளாஸ்டிக் கவரை ஆடாத இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவள் முதுகைத் தடவினேன். அது ஆடிக்கொண்டே தடவியது. "அப்பிடியே ஆட்டுங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வெள்ளிமலையில் கூட்டாளியும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள். எண்ணிக்கொண்டே நான் முதலில் இறங்கினேன். அந்த அம்மா பதறிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பின்னால ஒருத்தி எறங்குறா, அவளப் புடிங்க" என்றேன்.