ஆர்விலின் பசுவும் தண்ணீர் லாரியும்

ஆர்வில் நட்ஸ்விக் கேட்காமலே அள்ளிக் கொடுப்பார். ஆனால் வரி என்று யாராவது வாயெடுத்தால் போதும், சண்டைக்கு வந்துவிடுவார். இந்த இரண்டு குணமும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று வருஷக்கணக்காக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் எங்கள் ஹார்லன் கிரீக் தீயணைப்பு வட்டாரத்தில் சம்பளம் வாங்குகிற ஆள் கிடையாது. எங்காவது தீப்பிடித்தால் கோதுமை அறுப்பை அப்படியே போட்டுவிட்டு நாங்கள்தான் ஓட வேண்டும். நிலவரியோடு வரும் சொற்பப் பணம் டீசலுக்கும் இன்சூரன்ஸுக்கும் சரியாகிவிடும். குழாய், பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் ஆர்விலின் பசு சம்பாதித்துக் கொடுத்தவை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அவருடைய புல்வெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டங்களாகப் பிரிப்போம். கட்டம் பத்து டாலர். பிறகு அவருடைய பசு டாரிஸை உள்ளே அவிழ்த்துவிடுவோம். அது எந்தக் கட்டத்தில் சாணி போடுகிறதோ அந்தக் கட்டத்துக்காரருக்கு வசூலில் பாதி, எங்களுக்கு மீதி. ஆர்வில் எல்லாருக்கும் பான்கேக் சுட்டுப் போடுவார். தானும் முப்பது கட்டம் வாங்குவார்.

"ராத்திரியே மாட்டுக்குப் பேதி மருந்து கொடுத்து வச்சிருப்பீங்களே" என்று சீண்டுவோம்.

"குடுத்தேன். அது உன் கட்டம் பக்கமே வராது, பாரு" என்பார்.

சாணியை நம்பி பூட்ஸ் வாங்கலாம், தண்ணீர் லாரி வாங்க முடியாது. எங்களிடம் இருந்தது ராணுவம் கழித்துப் போட்ட பழைய வண்டி. புது லாரிக்காகக் கூடுதல் வரியை இரண்டு முறை வாக்கெடுப்புக்கு விட்டோம். இரண்டு முறையும் ஆர்வில் கூட்டத்தில் எழுந்து அரசாங்கம், சுதந்திரம் என்று முழங்கினார். இரண்டு முறையும் தோற்றோம்.

போன ஆகஸ்டில் டாலிவர் வீட்டு வைக்கோல் கொட்டகை பற்றிக்கொண்டது. பாதி அணைப்பதற்குள் லாரியின் பம்பு நின்றுபோனது. குழாய் முனையைப் பிடித்திருந்தவர் ஆர்வில். தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. குதிரைகளைக் காப்பாற்றினோம், மற்றதெல்லாம் சாம்பல்.

நவம்பரில் மூன்றாவது வாக்கெடுப்பு. இந்த முறை ஆர்வில் கூட்டத்தில் எழுந்திருக்கவே இல்லை. பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் வரி ஜெயித்தது. வசந்தத்தில் புது லாரி வந்து நின்றது. "இனிமே மாட்டை நம்பிப் பொழைக்க வேணாம்" என்று எங்கள் தலைவி டார்லா சொன்னாள். எல்லாரும் கை தட்டினோம்.

ஜூன் வந்தது. சனிக்கிழமை காலை அந்தப் பக்கம் போனால், ஆர்வில் தனியாகக் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேஜையில் அண்டா நிறையப் பான்கேக் மாவு. வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"ஆர்வில், இந்த வருஷம் கிடையாதுன்னு யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு? ஏதாவது வாங்கணுமா?"

"என்னத்த வாங்க? அதான் லாரி வந்துடுச்சே."

இப்போது விட்டால் அப்புறம் கேட்க முடியாது என்று கேட்டேவிட்டேன். "நீங்க கஞ்சனும் இல்ல. அப்புறம் ஏன் வரி வேணாம்னு அப்படி மல்லுக்கு நின்னீங்க?"

அவர் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார். "வரின்னா எல்லாரும் செக்கைத் தபால்ல போட்டுட்டு வீட்டோட இருந்துடுவாங்க. என் வீட்டுக்காரி ஹெல்கா கண்ணை மூடினதுக்கப்புறம் இங்க மனுஷங்க சத்தம் கேக்கறது இந்த ஒரு நாள்தான். அதைக் கூட்டத்துல சொல்லவா முடியும்? அதான் சுதந்திரம், கிதந்திரம்னு எதையோ பேசினேன்."

"நவம்பர்ல எதுக்கு ஓட்டு போட்டீங்க?"

"வரிக்குத்தான். அன்னிக்குக் கொட்டகை எரியறப்ப டாலிவர் பொண்டாட்டி என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா, என் கையில வெறுங்குழா. அதுக்கப்புறமும் வேணாம்னு எப்படிப் போடுவேன்?"

திரும்பி நின்று டார்லாவுக்குப் போன் போட்டேன்.

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. புது லாரியையும் எடுத்துட்டு வந்துடு."

"எங்க தீ?" என்று அவள் பதறினாள்.

"தீ இல்ல. ஆர்வில் நூறு பேருக்கு மாவு கரைச்சு வச்சுட்டு ஒத்தையா நிக்கிறார்."