சகலை தேர்ந்தெடுத்த தண்ணீர்ப் பை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் சகலையின் பெயர் கைப்பேசித் திரையில் தெரிந்தது. கடையில் கூட்டம் சேர்வதற்கு முன் கிடைக்கும் அந்த இடைவெளியில்தான் அவர் தினமும் கூப்பிடுவார். மணி அடித்ததும் நான் முதலில் மேசை மேலிருக்கும் தம்ளரை எடுத்துக் காலி செய்வேன். கேட்டால் பொய் சொல்லக் கூடாதே. அன்றும் குடித்து முடித்த பிறகுதான் எடுத்தேன்.

"குடிச்சாச்சு சகலை," என்றேன்.

பதிலுக்கு அவர் மனைவியின் குரல் வந்தது. "தம்பி, நான்தான் பேசறேன்."

அவர் என் மனைவியின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சகலையின் கைப்பேசியிலிருந்து அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

"கடைக்கு வந்திருக்கேன். உக்காந்திருந்தவர் உக்காந்தபடியே போயிட்டாராம். டாக்டர் வந்து பாத்துட்டு, இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாராம்," என்றார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஊருக்குத் திரும்பி, வீடு அடங்கிவிட்டது. அவரைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஊர் அறிந்த மனிதர் இல்லை. கடைச் சிப்பந்தி. ஆனால் நான் இன்னும் மலை ஏறிக்கொண்டிருக்கிறேன் என்றால் அது அவர் செய்த காரியம்.

டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், மூன்று மாடிகளில் இருந்தது அவர் வேலை பார்த்த கடை. மலையேறுகிறவர்களுக்கும் காட்டுப்பாதையில் ஓடுகிறவர்களுக்கும் வேண்டிய சாமான்கள் அங்கே கிடைக்கும். கீழ்த் தளத்தில் தண்ணீர்ப் பைகள் தொங்கும் மூலை அவருடையது. முதுகுப் பைக்குள் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும் தட்டையான பை அது. அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பித் தோள் வழியாக மார்புக்கு வரும். நுனியில் ரப்பர் முனை. பல்லால் லேசாகக் கடித்து உறிஞ்சினால் தண்ணீர் வரும். நிற்க வேண்டாம், பையைக் கழற்ற வேண்டாம், நடந்தபடியே குடிக்கலாம்.

புதுச் சரக்கு வந்தால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பித் தன் நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு வியாபாரம் பார்ப்பார். ஆள் நல்ல கனம். "என்னைத் தாங்கினா எந்த மலையையும் தாங்கும்," என்பார். சில பைகள் தாங்கவில்லை. அன்றைக்கெல்லாம் நனைந்த கால்சட்டையோடு வீடு திரும்புவார். கடையில் அவருக்கு டேங்கர் என்று பெயர்.

இத்தனைக்கும் அவர் ஒரு மலையின் உச்சியையும் பார்த்ததில்லை. யாராவது கேலி செய்தால், "மலை எங்கயும் ஓடிப் போகாது. நான் எதுக்கு அவசரப்படணும்?" என்று கேட்பார்.

நான் வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யாரோ அளந்துகொண்டு வந்த மேடுபள்ளங்களைக் கோடுகளாக வரைவது என் வேலை. வாரமெல்லாம் வரையும் கோடுகளின் மேல் ஞாயிற்றுக்கிழமை காலால் நடந்து பார்ப்பேன். ஒரு சிறு குழுவோடு போவேன். அதிகம் பேசாத எனக்கு அந்த ஒரு நாள் போதும், மற்ற ஆறு நாளும் ஓடிவிடும்.

அப்போதுதான் சிறுநீரகத்தில் கல் வந்தது. அந்த வலியை எழுத எனக்குத் தெரியாது. கல்லை எடுத்த டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "வேர்க்க விறுவிறுக்க மலை ஏறறீங்க. குடிக்கிறது ரெண்டு மடக்கு. உள்ள கல்லு கட்டாம என்ன பண்ணும்? ஒண்ணு, நடக்கும்போதே குடிக்கப் பழகுங்க. இல்ல, மலையை விட்டுடுங்க. இன்னொரு தடவை வந்தா அந்தப் பக்கத்துக் கிட்னியை மறந்துட வேண்டியதுதான்."

குடிக்காததற்கு ஒரே காரணம் கூச்சம். பாட்டில் முதுகுப் பையின் பக்கவாட்டில் இருக்கும். எடுக்க வேண்டுமானால் நிற்க வேண்டும். ஒற்றையடிப் பாதையில் நான் நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் நிற்க வேண்டும். உச்சியில் குடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுவிடுவேன்.

என் மனைவி இதை அக்காவிடம் சொல்ல, மறுநாள் மாலையே சகலை ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"இது எவ்வளவு பிடிக்கும் சகலை?"

"மூணு லிட்டர். இருக்கறதுலயே பெருசு. உங்க கிட்னி நீச்சலே அடிக்கலாம்."

"அத்தான், அவர் முதுகு உங்க கடை நாற்காலி இல்ல," என்றாள் என் மனைவி.

அவள் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. முதல் ஞாயிற்றுக்கிழமை தோள்பட்டை இற்றுவிடும் போலிருந்தது. அடிக்கு அடி பைக்குள் தண்ணீர் களக் களக்கென்று ஆடியது. "முதுகுல குளத்தையே கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று முன்னால் போனவர் கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. அடுத்த வாரமும் அதே கதை. அன்று மாலை விலாவுக்குக் கீழே லேசாகக் குத்தியது. நான் பயந்துவிட்டேன்.

சகலையிடம் சொன்னேன். "பை மேல தப்பில்ல. எனக்குத்தான் பழக்கம் வரல. மலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

எதற்கும் உடனே ஒரு கேலி வைத்திருப்பவர் அன்று, "வர்ற ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில், கடைக்குப் போட்டுப் போகும் செருப்போடு காத்திருந்தார். குழுவை முன்னால் அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் நடந்தோம்.

"நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன். நான் வர்றதையே மறந்துடுங்க."

"இப்படி மூச்சு வாங்கினா எப்படி மறக்கறது?"

"வாங்கறது என் மூச்சு. உங்களுக்கு என்ன நஷ்டம்? நடங்க."

முதல் வளைவு தாண்டியதும் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. "நில்லுங்க சகலை. வலது கையில என்ன?"

"ஊன்றுகோல்."

"குழாய் எந்தப் பக்கம் தொங்குது?"

"வலது பக்கம்."

"இடது கை சும்மா ஆடிக்கிட்டு வருது. அதுக்கு ஒரு வேலையும் குடுக்காம, கோல் பிடிச்ச கையையே குழாயையும் எடுன்னா அது எப்படி எடுக்கும்?" சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தார். "நான்தான் வலப்பக்கம் மாட்டிக் குடுத்தேன். கடைக்கு வர்றவங்க எல்லாம் வெறுங்கையோட நிக்கறாங்க. கோல் பிடிச்ச ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

குழாயை வாங்கி அவரும் ஒரு மடக்கு உறிஞ்சினார். முகம் கோணியது. "கொதிக்குது. குடிச்சு முடிச்சதும் குழாய்க்குள்ள ஊதி, தண்ணியைப் பைக்கே திருப்பி அனுப்பிடுங்க. குழாயிலேயே நின்னா வெயில்ல சுடாம என்ன பண்ணும்?" பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே இருந்த காற்றையெல்லாம் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்தார். களக் களக் நின்றுவிட்டது. "இதெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கணும். உங்களுக்கு என்னமோ ஆயிடும்னு பயத்துல பெரிய பையா உருவிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"மேல வரீங்களா?"

"மேல என்ன இருக்கு?"

"நல்ல காத்து வரும். ஊர் முழுக்கத் தெரியும்."

"ஊர்லேருந்துதானே வந்தேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கினார்.

மறுநாள் கடைக்குப் போனபோது மூன்று பைகளை வரிசையாக வைத்திருந்தார். முந்திய மாலையே நிரப்பி வைத்தவை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தார். முதலாவதில் புது பிளாஸ்டிக் வாடை. "தள்ளுங்க. ருசி பிடிக்கலைன்னா வாய் தன்னால மறந்துடும்." இரண்டாவதன் வாய் குறுகல். கையை உள்ளே விட்டுக் கழுவ முடியவில்லை. "கழுவ முடியாததைக் கழுவ மாட்டீங்க. அப்புறம் பாசி பிடிக்கும்." மூன்றாவது இரண்டு லிட்டர். பாதி வழியில் வனக் காவலர் அறைக்கு வெளியே தண்ணீர்க் குழாய் இருப்பதைப் பாறையில் உட்கார்ந்திருந்தபோதே என்னிடம் கேட்டு வைத்திருந்தார். அங்கே நிரப்பிக்கொள்ளலாம். கை உள்ளே போனது, வாடை இல்லை, குழாயைப் பையிலிருந்து தனியே கழற்றவும் முடிந்தது. இடப்பக்கத் தோள்வாரில் ஒரு காந்தக் கிளிப்பை வைத்து, குழாயின் நுனி தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்.

அதோடும் விடவில்லை. என் வலது கையில் ஒரு ஊன்றுகோலைக் கொடுத்து மூன்று மாடியும் ஏறச் சொன்னார். முதலாளி மேலிருந்து எட்டிப் பார்த்து, "டேங்கர், கடைக்குள்ளயே மலை ஏத்தறீங்களா?" என்றார்.

"டிக்கெட் கிடையாது, நீங்களும் வாங்க," என்றார் சகலை. மூன்றாவது மாடிக்குள் நான் நான்கு முறை குடித்திருந்தேன். இடது கை தானாகப் போய் எடுத்தது. அன்றிலிருந்து பை வாங்க வருகிற எல்லோர் கையிலும் முதலில் ஒரு கோலைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் பேச்சைத் தொடங்குவார் என்று கேள்விப்பட்டேன்.

மற்ற ஆறு நாளுக்கும் ஆரம்பித்ததுதான் அந்தப் பதினொன்றரை மணி அழைப்பு. எடுத்ததும், "குடிச்சீங்களா சகலை?" ஒரு நாள் தவறி ஒலிபெருக்கியை அழுத்திவிட்டேன். அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு எங்கள் மேலாளர் என்னிடம் ஒரு மாதிரியாகவே கொஞ்ச நாள் பேசினார். பாசி வராமலிருக்கக் காலிப் பையை உறைபெட்டியில் வைக்கச் சொன்னதும் அவர்தான். "ஐஸ்கிரீம்னு நினைச்சுத் திறந்தா அத்தானோட பை இருக்கு," என்று என் மனைவி மாதம் ஒரு தடவையாவது அலுத்துக்கொள்வாள்.

மறு பரிசோதனையில் கல் இல்லை என்று தெரிந்த அன்று நேரே கடைக்குப் போனேன்.

"உங்களாலதான் சகலை," என்றேன்.

"நான் என்ன பண்ணேன்? குடிச்சது நீங்க." அவ்வளவுதான். ஆனால் அன்று வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "இவரைக் கேளுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருடங்களில் அந்த வலி திரும்பவில்லை. எந்த ஞாயிறும் வீட்டில் முடங்கவில்லை.

துக்கத்துக்கு வந்த முதலாளி வாசலிலேயே தயங்கி நின்றார். ஏதோ சொல்ல வந்து, சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார். கடைசியில் அண்ணியிடம் மெதுவாகச் சொன்னார். "அவர் உக்காந்திருந்தது புதுச் சரக்கு மேலம்மா. நாங்க தூக்கினப்போ பாத்தேன். ஒரு சொட்டு கசியல."

அண்ணிதான் முதலில் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அழுதோம். "அந்த வகையை நம்பி விக்கலாம்னு அர்த்தம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார் அண்ணி.

இன்று மாலை கிளம்பும்போது அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். என் பையின் ரப்பர் முனை தேய்ந்து சொட்டுகிறது என்று போன ஞாயிறு மாலை சகலை குழாயை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார். சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அதை அவரே சமையல் சோடா போட்டுக் கழுவி, அங்கே ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப்பால் தொங்கவிட்டிருந்தார். உள்ளே ஈரம் போய்க் குழாய் தெளிவாக இருந்தது. பக்கத்திலேயே புது முனை, பாக்கெட்டோடு.

"செவ்வாக்கிழமை கடையிலேருந்து வந்து மாட்டறேன்னார்," என்று சொல்லி இரண்டையும் என் கையில் கொடுத்தார் அண்ணி. "ஞாயித்துக்கிழமை போகாம இருந்துடாதீங்க தம்பி."

போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். பழைய முனையோடேயே குழாயை மாட்டி, பையில் இரண்டு லிட்டர் நிரப்பிக் காற்றை எடுத்துவிட்டேன். காந்தக் கிளிப் இடப்பக்கத் தோள்வாரில் இருக்கிறது. அவர் பாக்கெட்டின் ஒரு மூலையை மட்டும் கிழித்திருக்கிறார். புது முனை இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது.