நிறுத்தக் கூடாத லொறி

நான் மாப்பிள்ளையாகப் போனது வாழைக்குலை ஏற்றும் லொறியில். நீர்வேலியிலிருந்து புத்தூர், மீசாலை வழியாகச் சாவகச்சேரிக்கு. பின்பெட்டியில் முப்பத்தெட்டுப் பேர். முன்னால் றைவர், நடுவில் நான், யன்னலோரம் கூறைத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் மாமி. ஆக நாற்பத்தொருவர். கைக்குழந்தைகளைச் சேர்த்தால் நாற்பத்துநாலு.

பொருளாதாரத் தடைக் காலம் அது; ஊருக்குள் பெற்றோல் வராது. ஊரில் இருந்த நாலு கார்களில் மூன்று கட்டைமேல் நின்றன. நாலாவதில் கோழி அடைகிடந்தது. லொறி மட்டும் மண்ணெண்ணெயில் ஓடியது. ஓடத் தொடங்கிவிட்டால் மண்ணெண்ணெய் போதும். ஆறிப்போன எஞ்சினைக் கிளப்பத்தான் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதை றைவர் ஒரு கண்மருந்துப் போத்தலில் அடைத்து இடுப்பில் செருகியிருப்பார். அன்று காலை காபரேட்டருக்குள் பதினேழு சொட்டு விட்டார். பதினேழாவதோடு போத்தல் வெறுமையானது.

"இனித் திரும்பி வருமட்டும் இதை நிப்பாட்டேலாது, மாப்பிளை," என்றார். "நிப்பாட்டினா நீர் நடந்துதான் போய்த் தாலி கட்டவேணும்."

முகூர்த்தம் பத்துப் பன்னிரண்டிலிருந்து பதினொன்று நாலு வரை. ஐம்பத்திரண்டு நிமிடம். ஏற்கெனவே இரண்டு தடவை நாள் தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை குண்டுவீச்சு, இரண்டாம் தடவை என் காய்ச்சல். குண்டுவீச்சைப் பெண்ணின் தகப்பன் மன்னித்துவிட்டார். காய்ச்சலைத்தான் மன்னிக்கவில்லை. இன்னொரு முறை தவறினால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

புத்தூர்ச் சந்தி வரைக்கும் நூற்றுப்பன்னிரண்டு குழிகளை எண்ணினேன். அதற்குப் பிறகு குழிகளை விட்டு றோட்டை எண்ணுவது சுலபமாக இருந்தது. றைவர் பக்கத்துக் கதவுக்குப் பூட்டு இல்லை. ஒரு கையால் கதவைப் பிடித்தபடி மறு கையால் ஓட்டினார். கியர் மாற்றும் போதெல்லாம், "பிடியும், பிடியும்!" என்பார். நான் பட்டுவேட்டியோடு அவர் மடிக்கு மேலால் எட்டிக் கதவைப் பிடிக்க வேண்டும். மீசாலைக்கு இன்னும் நாலு மைல் இருக்கையில் என் வேட்டியில் ஒன்பது வாழைக்கறைகள் இருந்தன.

வயல்வெளிக்கு வந்தபோது அது கேட்டது. எஞ்சின் இரைச்சலுக்குள் இன்னொரு இரைச்சல். வெளியில் வாகனத்தைக் கண்டால் ஹெலிகொப்டர் தாழ வந்து சுடுகிற நாட்கள்.

"அண்ணை, ஹெலி!"

"விசர்க்கதை கதையாதையும். அது எங்கடை எஞ்சின்."

"இல்லை, மேலை கேக்குது. ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பம்."

"நிப்பாட்டுறதோ? உமக்கென்ன, கலியாணம் வேண்டாமோ?"

வேண்டும்தான். ஆனால் பின்னால் முப்பத்தெட்டு உயிர்கள், மூடாத பெட்டி, ஒதுங்க மரமில்லாத வெளி. என் கை போய்ச் சாவியைத் திருகிவிட்டது.

லொறி இருமுறை இருமி நின்றது. அந்த இரைச்சல் நிற்கவில்லை. அவ்வளவுதான். எல்லோரும் குதித்து, சற்றுத் தள்ளியிருந்த பனங்கூடலுக்கு ஓடினார்கள். நான் தலைப்பாகையோடு ஒரு வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தேன். மாமி கூறைத்தட்டின் மேல் கிடந்தார். றைவர் மட்டும் இருந்த இடத்தில் இருந்து பீடி பற்றவைத்தார்.

இருபத்திரண்டு நிமிடம். இரைச்சல் கிட்டவும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை.

"மாப்பிளை," என்று றைவர் கூப்பிட்டார். "எழும்பி உம்மடை ஹெலியை வந்து பாரும்."

பனையொன்றில் யாரோ ஒரு பட்டத்தைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதன் தலையில் பூட்டிய விண், அந்த நார் கட்டிய வில், காற்றில் இரைந்துகொண்டிருந்தது. தை மாதத்தில் எங்கள் வானம் முழுக்கக் கேட்பது அந்தச் சத்தம்தான். முப்பத்தொரு வருடமாகக் கேட்டிருக்கிறேன். நாற்பது பேரும் பட்டத்தை ஒரு தடவை பார்த்தார்கள். என்னை அதிக நேரம் பார்த்தார்கள்.

மணி பத்து இருபது. எஞ்சின் ஆறிவிட்டது. முன்னால் கம்பியைப் போட்டு இருபத்தாறு தடவை சுற்றினோம். பட்டுச்சேலைகளும் சேர்ந்து தள்ளின. எஞ்சின் அசையவில்லை. சாவகச்சேரிக்கு நடந்தால் ஒன்றரை மணித்தியாலம் என்று நான் கணக்குச் சொன்னேன். யாரும் நன்றி சொல்லவில்லை.

றைவரின் கண் கூறைத்தட்டில் விழுந்தது. சேலைக்குப் பக்கத்தில் புது ஓடிக்கோலோன் வாசனைப் போத்தல்; அதில் பாதிக்கு மேல் ஸ்பிரிட்.

"அக்கா, உதை ஒருக்காத் தாங்கோ."

"என்ன சொல்லுறீர்? இது பொம்பிளைக்கு!"

"பொம்பிளைக்கு முதல் மாப்பிளை போய்ச் சேரவேணுமெல்லே?"

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். றைவர் அதைக் காபரேட்டருக்குள் முதலில் சொட்டுச் சொட்டாக விட்டார், பிறகு பொறுமையிழந்து பாதிப் போத்தல். கம்பியை நாலாம் முறை சுற்றியபோது லொறி பெரிய தும்மல் தும்மி எழுந்தது. பின்னாலிருந்து வந்த கரும்புகைக்கு நல்ல வாசம். எங்கள் குடும்பத்தில் பொய்யே சொல்லாதவர் என்று பெயரெடுத்த மாமி, ஒரு குழந்தைக்குக் கொண்டுவந்த தண்ணீரை எடுத்துப் போத்தலை நிரப்பி மூடினார். உள்ளே இருந்தது பால்நிறமாக மாறியது. "புதுவகை," என்றார் எங்களிடமே.

பத்து ஐம்பத்துமூன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் தகப்பன் படலை வாசலில் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். என் வேட்டியைப் பார்த்தார், தலைப்பாகையிலிருந்த சேற்றைப் பார்த்தார். "காய்ச்சல் ஏதும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே பெண்ணைக் கூட்டிக்கொண்டு நீர்வேலிக்குத் திரும்பவேண்டும். அதனால் றைவர் லொறியைப் பந்தலோரம் விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரையும் கிட்ட அண்டவிடாமல் காவல் இருந்தார். மண்ணெண்ணெய்ப் புகை நேரே மணவறைக்குள் வந்தது. ஐயர் மந்திரத்தைக் கத்திச் சொன்னார். நாதஸ்வரக்காரர் லொறியோடு போட்டி போட்டுத் தோற்றார். பதினொன்று ஒன்றுக்குத் தாலி கட்டினேன், மூன்று நிமிடம் மிச்சம் வைத்து. பெண்ணின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. தாய் தகப்பனை விட்டுப் பிரியும் கவலை என்று பின்னாலிருந்த பெண்கள் கதைத்துக்கொண்டார்கள். நான் இருமினேன்.

அவள் குனிந்த தலை நிமிராமல் என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"உந்த லொறியை ஆரும் நிப்பாட்ட மாட்டினமோ?"

"ஏலாது. நிப்பாட்டினாப் பிறகு ஸ்டாட் வராது."

"மண்ணெண்ணெய் எவ்வளவு கிடக்கு?"

"பதினொரு போத்தல் இருந்தது. இப்ப அஞ்சு வரும்."

அவள் கூறையின் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப கெதியாச் சாப்பிடுங்கோ," என்றாள்.