ஜன்னல் கம்பிக்கும் மகளுக்கும் நடுவே ஒரு கை

இன்று காலை, வெள்ளிமலை பஸ். கள்ளக்குறிச்சியில் எனக்கு முன்னால் இறங்கியவரின் வலது கையிலிருந்து பை நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தார், முடியவில்லை.

"காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்" என்றார் பின்னால் ஒருவர். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அவருடைய இடது தோளில் சின்ன மகள், நல்ல தூக்கம். வலது கை மணிக்கட்டோடு தொங்கியது.

நான் பிசியோதெரபிஸ்ட் என்றதும், "பக்கவாதமாங்க?" என்றார் பயந்துபோய்.

முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. "வழியில கைய எப்படி வெச்சிருந்தீங்க?"

"பாப்பா தூங்கிக்கினு வந்துச்சுங்க. ஜன்னல் கம்பி தலையில இடிக்குமேன்னு நடுவுல கைய குடுத்தேன். மரத்துப்போச்சு. எடுத்தா முழிச்சிக்குமே."

தோளுக்குக் கீழே எலும்பைச் சுற்றி ஓடும் நரம்புதான் மணிக்கட்டைத் தூக்க வைக்கிறது. அதைக் கம்பி அழுத்தியிருக்க வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் இப்போதே டாக்டரிடம் காட்டுங்கள், இனிமேல் கம்பியில் கை கொடுக்கவே கூடாது என்று விளக்கினேன்.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க. திரும்பிப் போவும்போது இந்த எடது கைய குடுத்துக்கறேன்."

இவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று, பெண் பிள்ளை பெற்ற அப்பாக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.