நின்றபடி ஓடிய கார்

காரை வாரம் ஒருமுறையாவது ஓடவிடாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். நின்ற இடத்திலேயே நின்றால் டயரின் அடிப்பக்கம் சப்பையாகிவிடும். இதையெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ஆமத்தூரில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் வழியாக, ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டுக்காரர் காரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காபி ஆறிப்போகும், இட்லி காய்ந்துபோகும். மனிதர் பானெட்டுக்குள் தலையை விட்டால் லேசில் வெளியே வர மாட்டார். "அங்கனயே பாயை விரிச்சுப் படுத்துக்கிடுங்க" என்று கத்துவேன். காதில் விழாத மாதிரியே இருப்பார்.

அவர் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். வெடிமருந்து கலக்கும் அறைகளுக்குப் பொறுப்பு. அங்கே செருப்பு போடக் கூடாது, இரும்புச் சாமானைக் கொண்டுபோகக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது, இழுக்கக் கூடாது. உள்ளே நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கையை வைத்து, உடம்பில் ஏறியிருக்கும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். இத்தனையையும் அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பானெட்டைத் திறக்குமுன் செருப்பைக் கழற்றுவார், குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைப்பார். ஸ்பானர்களின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தார். ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துணிமேல்தான் வைப்பார், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி.

"காருக்குள்ள என்ன மருந்தா அடைச்சு வச்சிருக்கீக?" என்பேன்.

"பழகிப்போச்சு புள்ள" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

எனக்கு அந்தக் காரில் பிடித்ததே அதன் உள்பக்கம்தான். வேலை முடிந்து எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் அவரோடு கொஞ்சம் வந்துவிடும். ஸ்டியரிங்கில், கியர் தலையில், கதவைத் திறக்கும் பிடியில் மெல்லிசாகப் படிந்திருக்கும். காலை வெயில் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழும்போது காருக்குள் இருந்த எல்லாமே மினுங்கும். அவர் தொட்ட இடமெல்லாம் தனியாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பனியன் வேஸ்ட் துணியை எடுத்து அதை அவர் துடைக்கப் போகும்போது, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று தோன்றும். ஆனால் சொன்னதில்லை. இந்த வயதில் அதை எப்படிச் சொல்வது?

பிறகு ஒரு வெயில் காலத்தில் அந்தக் கம்பெனியில் விபத்து நடந்தது.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. பொறி தெரிந்தால் ஓடு, திரும்பிப் பார்க்காதே. அவரே புது ஆட்களுக்கு அதைத்தான் தினமும் சொல்வார். அன்றைக்கும் "ஓடுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். அடுத்த அறையில் இருந்த ஒரு பெண் மட்டும் வரவில்லை. ஏழாயிரம்பண்ணைக்காரி. சின்ன வயசு. அவரை "அண்ணாச்சி அண்ணாச்சி" என்று கூப்பிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாய் கொடுப்பாளாம்.

கம்பெனி ஆட்கள் வேன் பிடித்து, செத்துப்போன அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனார்கள். இவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு வேலைக்கும் போகவில்லை. பேச்சும் நின்றுபோனது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். கண்ணை மூட மாட்டார். விதிப்படிதானே ஓடினீர்கள் என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். என் சொல் எதுவும் அவருக்குள் இறங்கவில்லை. எனக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு கோபமாக வந்தது, கோபம் தீர்ந்ததும் மறுபடி பயம்.

எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அவர் ஏழாயிரம்பண்ணைக்குப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றால்தான் எனக்குத் திரும்பக் கிடைப்பார். பஸ்ஸில் போகிற ஆள் இல்லை அவர். அந்தப் பக்கம் போகிற பஸ் முழுக்கக் கம்பெனி ஆட்கள்தான் இருப்பார்கள், ஆளாளுக்கு விசாரிப்பார்கள். போனால் இந்தக் காரில்தான் போவார். என்றைக்காவது ஒரு காலையில் எழுந்து சாவியைக் கேட்பார். அந்த நேரம் பார்த்துக் கார் காலை வாரிவிட்டால் மனிதர் மறுபடியும் கட்டிலுக்குப் போய்விடுவார். அது நடக்கக் கூடாது. அதனால் காரை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன். என்ஜின் ஆறிய பிறகே கூலண்ட் டப்பாவைத் திறந்தேன். வைப்பருக்குக் கீழே அடைந்திருந்த வேப்பஞ்சருகைக் குச்சியால் கிண்டி எடுத்தேன். வைப்பர் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிப்போகாமல் இருக்க அதைத் தூக்கி நிறுத்தினேன். எலி வயரைக் கடிக்காமல் இருக்க அந்துருண்டையைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டேன். கால் பம்பை மிதித்துக் காற்றடித்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். காரைத் துடைத்தேனே தவிர, உள்ளே ஸ்டியரிங்கில் படிந்திருந்த பவுடரை மட்டும் துடைக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து என்ஜினை ஓடவிடுவேன். எனக்கு ரோட்டில் ஓட்டத் தெரியாது. வாசலுக்குள் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் நகர்த்துவேன், அவ்வளவுதான். மற்றபடி கார் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கம் சீட்டு வழியாக முதுகில் ஏறும். கொஞ்ச நேரம் போனால் கார் நிற்கிறதா, வீடு நகர்கிறதா என்பது பிடிபடாது. எதிரே இருக்கும் துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, அதற்கப்பால் கரிசல் காடு, உடைமுள் மரங்கள் எல்லாம் மெல்லப் பின்னால் போகும். பக்கத்து சீட்டில் அவர் இருப்பார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார், தீபாவளி சீசனைப் பற்றி, ஆர்டரைப் பற்றி, மழை வருமா என்பதைப் பற்றி. நான் எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசுவேன். எவ்வளவோ தூரம் போய்வந்த களைப்போடு சாவியைத் திருப்பி அணைப்பேன். வேப்பமரத்து நிழல் கொஞ்சம் இடம் மாறியிருக்கும்.

ஒருநாள் சாவியைத் திருப்பினால் டக் டக்கென்று சத்தம் மட்டும் வந்தது. பானெட்டைத் திறந்தேன். பேட்டரி முனைகளில் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையும் பச்சையுமாக ஏதோ மண்டிக் கிடந்தது. அவர் இதற்கு என்ன செய்வார் என்பது தெரியும். கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவி மாட்டுவார். அதையே நானும் செய்யலாம் என்று இறங்கினேன். டியூப் சுற்றிய ஸ்பானர் எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்றை வாங்கிவந்தேன். செருப்பைக் கழற்றினேன், குனிந்து உள்ளங்கையை மண்ணில் அழுத்தி வைத்தேன். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதைவிட வேறு என்ன காவல் வேண்டும்? இனி ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் சிவப்பு முனையில் ஸ்பானரைப் போட்டுத் திருகினேன்.

மண்ணைத் தொட்டால் என் உடம்பில் இருப்பதுதான் இறங்கும், பேட்டரியில் இருப்பது இறங்காது. கறுப்பைக் கழற்றாமல் சிவப்பில் கை வைத்ததால், ஸ்பானரின் மறுமுனை காரின் தகட்டில் பட்டதும் பளீரென்று பொறி பறந்தது. கண் இருட்டிப்போனது. ஸ்பானர் எங்கேயோ போய் விழுந்தது.

அடுத்த நொடி யாரோ என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி இழுத்தார்கள். இரண்டு பேருமாக வேப்பமரத்தடியில் போய் விழுந்தோம். அவர்தான். கட்டிலிலிருந்து எப்படி எழுந்தார், படியை எப்படித் தாண்டினார், எனக்குத் தெரியாது. என் கையை விரித்து உள்ளும் புறமும் பார்த்தார். முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கறுப்ப முதல்ல கழட்டணும், சிவப்பக் கடைசில. எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன்?"

"ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. என்னைய என்னைக்குக் காருகிட்ட விட்டீக?" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று, இந்தக் குரலில் திட்டு வாங்கி.

அவர் பொறி வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறியைப் பார்த்தும் இந்தப் பக்கமே ஓடிவந்த தன் காலையும் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், டியூப் சுற்றிய ஸ்பானரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தார். கறுப்பை முதலில் கழற்றினார். நான் வெந்நீர் ஊற்றினேன். துடைத்து, வாஸ்லின் தடவி, சிவப்பை முதலிலும் கறுப்பைக் கடைசியிலும் மாட்டினார். பக்கத்து வீட்டு வண்டியைக் கொண்டுவந்து அதன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுச் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது.

"ஏறு" என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. கட்டிய சேலையோடு ஏறினேன்.

சிவகாசியைத் தாண்டியதும் வழி முழுக்கக் காய்ந்த காடு. நடுநடுவே தள்ளித்தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன மருந்து அறைகள். அவர் ஒரு பக்கமும் திரும்பவில்லை. நான் வாசலில் நின்ற காரில் போய்வந்த பயணங்களில் எல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். நிஜத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவர் காரை விட்டு இறங்கி, கிட்டே போகாமல் நின்றார். அந்த அம்மா நிமிர்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஃபோர்மேன் அண்ணாச்சிதான?"

இவர் தலையை மட்டும் அசைத்தார். "நான் திரும்பிப் பாக்காம..." என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"எல்லாரும் வந்தாக. நீங்க வரலையேன்னுதான் வழி பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்குக் காலையில எம் பிள்ள என்ன பேசுனா, சிரிச்சாளா, சாப்பிட்டாளான்னு உங்களுக்குத்தான தெரியும்? உள்ள வாங்க. வந்து சொல்லுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.